நேராக்கிய முடியும் வராத லீவும்

என் தலைமுடியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது. அடர்த்தி என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது உயரத்துக்காக அல்ல, பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதற்காக. கல்யாணத்தன்று வெள்ளைப் பட்டுக்கு மேலே போடுகிற வலை முக்காட்டை என் தலையில் நிறுத்த இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். பெட்டியில் இருந்த ஹேர்பின் எல்லாம் தீர்ந்தது. ஆலயத்தில் முழங்காலிட்டு எழுந்தபோது முக்காடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் நான் தலை சாய்ந்துதான் நிற்கிறேன். பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சுருட்டை என்றும் சொல்ல முடியாது, நேர் என்றும் சொல்ல முடியாது. தன் இஷ்டத்துக்குப் போகிற முடி. மழைக்காலத்தில் இரண்டு பங்காகும். இராஜாக்கமங்கலத்தில் கடலுக்குப் பக்கத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, உப்புக் காற்றில் அது வருஷம் முழுக்க இரண்டு பங்காகவே இருந்தது.

என் கணவர் வளைகுடாவில் ஓர் எண்ணெய் ஆலையில் பைப் ஃபிட்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதில் நான் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாரும் பேசித் தீர்த்துவிட்டார்கள், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. வீடியோவில் கூப்பிட்டார். லீவு கிடைத்துவிட்டது, டிசம்பர் முதல் வாரம் வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன் என்றார். ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். அவர் சிரித்தார்.

“ஏட்டி, அந்தத் தலைய கொஞ்சம் ஒதுக்கு. முகமே தெரியல. பேசுகது நீயா முடியாண்ணு தெரியாம நான் இங்க முழிச்சிட்டு இருக்கேன்.”

நானும் சிரித்தேன். ஃபோனை வைத்துவிட்டுப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டு வருஷமாக அந்த மனுஷர் என்னை உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டில்தான் பார்க்கிறார். அதிலும் முக்கால் பங்கு முடி. வரும்போது அவர் என் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முப்பது நாளும் வேறு பக்கம் திரும்பக் கூடாது. அந்த நிமிஷம் எனக்கு இருந்தது இந்த ஒரே ஆசைதான். வயது முப்பத்தாறு ஆகியும் இப்படி ஓர் ஆசை வருமா என்று கேட்டால், வந்தது.

வளைகுடாக்காரர்களின் பெண்டாட்டிமாருக்கு ஒரு கணக்கு உண்டு. லீவு கிடைத்தது என்றால் நம்பக் கூடாது. டிக்கெட் போட்டாச்சு என்றால் பாதி நம்பலாம். விமானத்தில் ஏறி உட்கார்ந்து ஃபோனை அணைத்த பிறகுதான் மீன்காரியிடம் நெய்மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒன்பது வருஷம் இதில் தேறிய நான், லீவு கிடைத்தது என்ற ஒற்றைப் பேச்சுக்கே பார்லர் தேடிப் புறப்பட்டேன்.

நாகர்கோவிலில் முதலில் போன இடம் பெரிய கண்ணாடிக் கதவு போட்டது. ஏசி குளிரில் உட்கார வைத்து, ஒரு பெண் என் கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் வந்து பார்த்துவிட்டு மூன்றாவது பெண்ணைக் கூப்பிட்டாள். வேடிக்கை காட்டவா நான் பஸ் ஏறி வந்தேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் கோட்டாற்றில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில். ஒரே அறை, இரண்டு நாற்காலி. நடத்துகிறவள் இனயத்துப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்துபோகிறாள். என் முடியைப் பிரித்து, இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை.

“நல்ல கட்டி முடியாக்கும் அக்கா. இத என்னத்துக்கு நேராக்குகிய? ஆளுக காசு குடுத்து முடி ஒட்டுகாவ.”

“எனக்கு நேராக்கணும்.”

“செரி. மூணு வழி உண்டு. பொறுமையா கேளுங்க, பின்ன என்னைய குத்தம் சொல்லப்பிடாது.”

விரல் மடக்கிச் சொன்னாள். கெரட்டின் என்பது முடிக்கு மேலே பூசுவது; நாலைந்து மாசம் பளபளவென்று இருக்கும், அப்புறம் ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போய்விடும். என்னைப் போன்ற தடிமன் முடிக்கு அது முழுசாகக் கேட்கவும் செய்யாது. ஸ்மூத்தனிங் அதைவிட ஒரு படி மேல். முடி அடங்கி விழும், ஆனாலும் பார்ப்பதற்கு நம் முடி மாதிரியே இருக்கும். மூன்றாவது ரீபாண்டிங். மருந்து உள்ளே போய் முடியின் வளைவை உடைத்துவிடும். பிறகு சூட்டு இடுக்கியால் இழுத்து நேராக்கி, இன்னொரு மருந்தால் அதை அப்படியே நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நேரானால் நேரானதுதான், திரும்பாது.

“ஒங்களுக்கு ஸ்மூத்தனிங் போதும் அக்கா. ரீபாண்டிங் வேண்டாம். முடி பாவம்.”

“எது பெர்மனன்ட்?”

“கடைசில சொன்னது. ஆனா ஒண்ணு கேட்டியளா, இப்ப தலையில இருக்குத முடி தான் நேராட்டு நிக்கும். இனி வாற முடிக்கு நாம ஒண்ணும் செய்ய ஒக்காது. அது பழையபடிதான் வரும்.”

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. ஆனால் அடுத்த மாசம் வரப்போகிறவருக்காகச் செய்கிற வேலையில், இனி வரப்போகிற முடியைப் பற்றி எனக்கு என்ன கவலை? பெர்மனன்ட் என்ற சொல்லே எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. அதுதான் வேண்டும் என்றேன்.

அவள் ஒரு நோட்டை எடுத்து வரிசையாகக் கேட்டாள். சாயம் போட்டதுண்டா? மருதாணி வைப்பதுண்டா? வீட்டில் போர் தண்ணியா, அதில் உப்பு உண்டா? அடுத்ததைத் தலை நிமிராமல் கேட்டாள்.

“வயித்துல உண்டா? பிள்ளைக்குப் பால் குடுக்கியளா? மருந்து சேராது, அதான் கேக்கேன். தெற்றா எடுக்காதுங்க.”

“இல்ல” என்றேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே இல்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

பிறகு பிடரியிலிருந்து சின்னதாக ஒரு கற்றை வெட்டி, மருந்து தடவி, அரைமணி நேரம் கழித்து விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். அறுந்தால் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அறுந்துபோகவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுந்தேன். அழுகிய முட்டை வாடையும் ஆஸ்பத்திரி வாடையும் கலந்த ஒரு மருந்து. கண்ணில் நீர் வடிந்தது. கழுவி, காயவைத்து, நூல் நூலாகப் பிரித்துச் சூட்டு இடுக்கியால் இழுத்தாள். பாதியில் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கீழே இருந்து இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, என் தலையைப் பார்த்துக்கொண்டே மற்றதைக் குடித்தாள். “இது ரெண்டு ஆளுக்க முடி அக்கா” என்றாள்.

முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினாள். என் முகம் இவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நெற்றி, கன்னம், காது என்று எல்லாம் வெளியே இருந்தது. முடி இரண்டு பக்கமும் முதுகு வரை தண்ணீர் வடிந்த மாதிரி இறங்கியது. நான் அழகாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. உடனே ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பப் போய், கடைசி நேரத்தில் விரலை எடுத்துவிட்டேன். நேரில் பார்க்கட்டும். விமான நிலைய வாசலில் டிராலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அப்படியே திகைத்து நிற்கட்டும்.

போகும்போது பார்லர்க்காரி கட்டளைகளைச் சொன்னாள். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. கட்டக்கூடாது, கிளிப் குத்தக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூட கூடாது. மடிந்தால் மடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். மூன்று நாளைக்குப் பிறகும் எண்ணெய் பக்கமே போகக் கூடாது. இதைக் கேட்டு மாமிதான் துடித்துப்போனார்.

“தேங்காண்ணெ தேய்க்கப்பிடாதா? பின்ன நம்ம வெளையில நிக்குத தென்னைய என்ன செய்ய? வெட்டிரவா?”

இரவில் கட்டிலில் நேராகப் படுத்து, முடியைத் தலைமாட்டுக்கு மேலே விரித்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளி போனது, சனியும் போனது. ஞாயிற்றுக்கிழமையை நான் யோசிக்கவே இல்லை. அது மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனை. போதாததற்கு, மகனுக்கு லீவு கிடைத்ததற்காக நன்றி சொல்லி ஜெபிக்கும்படி மாமி போதகரிடம் சொல்லியும் வைத்திருந்தார். பேர் வாசிக்கும்போது பெண்டாட்டிக்காரி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? எங்கள் சபையில் முக்காடு போடாமல் திருவிருந்துக்கு முன்னால் போக எந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் கிடையாது. எனக்கும் கிடையாது.

போனேன். சேலைத் தலைப்பைத் தலைமேல் கொண்டுவந்து, முடியில் படாமல் நாலு விரல் உயரத்தில் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் கை கடுத்தது. கையை மாற்றினேன். மாமி என்னைப் பாராமல், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

“என்ன, ஆராதனையில கொடை பிடிச்சிட்டு இருக்கிய?”

பிரசங்கம் முழுக்கப் பிடித்தேன். அவர் பேரைச் சொல்லி ஜெபித்தபோதும் பிடித்தேன். ஆண்டவர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் குற்றமில்லை. பிறகு வரிசையாக எழுந்து முன்னால் போய், மாமிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பத்தை வாங்க இரண்டு கையும் வேண்டும். இடது கைமேல் வலது கையை ஏந்தித்தான் வாங்குவோம். போதகர் பக்கத்தில் வந்துவிட்டார். தலைப்பை விட்டேன். அது தலையில் விழுந்து, வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் நினைக்க வேண்டியது எதையும் நான் நினைக்கவில்லை. முடி, முடி என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு வெகுநேரம் தலை குனிந்திருந்தேன், முக்காடு இன்னும் நன்றாகப் படிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், காதுக்கு மேலே தலையைச் சுற்றிலும் ஒரு மடிப்பு. திங்கள்கிழமை கோட்டாற்றுக்கு ஓடினேன். இனயத்துப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கடவுளே! எங்க கோயில்ல இப்ப முக்காடுக்கு ஆரும் கட்டாயப்படுத்துகதில்ல அக்கா. அதான் எனக்கு ஓர்மையே வரல. நீங்களாவது சொல்லப்பிடாதா?”

அவளும் கிறிஸ்தவள்தான், சபைதான் வேறு. ஒரு வேதக்காரி இன்னொரு வேதக்காரியின் வழக்கத்தை மறந்துபோனாள், நானோ என் வழக்கத்தையே மறந்துபோனேன். யாரைக் குற்றம் சொல்ல? அவள் மறுபடியும் மருந்து தொட்டு, இடுக்கி பிடித்து, முக்கால்வாசி சரி செய்துவிட்டாள். காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய கூத்து. அவர் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் வாரம் அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்டார்.

“எப்ப கூப்பிட்டாலும் குளிச்சிட்டுத்தான் வாறியா? அங்க தண்ணி அவ்வளவு கெடக்கா?”

“சளி பிடிச்சிருக்கு அத்தான்.”

“சளிக்கா ரெண்டு வாரமா குளிக்க?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். துண்டுக்கு அடியில் ஒரு பரிசுப்பொருளை ஒளித்துவைத்திருந்தேன், அதைப் பிரிக்கப் போகிறவர் வந்துகொண்டிருந்தார். வீட்டை வெள்ளையடித்தேன். நட்சத்திர விளக்கு வாங்கினேன். அவர் லுங்கிகளைத் துவைத்து மடித்துவைத்தேன், அவை ஏற்கெனவே துவைத்து மடித்தவைதான்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கூப்பிட்டபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆலையில் ஷட்டவுன் என்றார். வருஷக்கணக்காக ஓடுகிற ஆலையை மொத்தமாக நிறுத்தி, குழாய்களை எல்லாம் கழற்றிப் பழுதுபார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் பைப் ஃபிட்டர்களில் ஒருவரையும் விடமாட்டார்கள். கொடுத்த லீவை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்கள். பிப்ரவரியில் பார்க்கலாம் என்கிறார்களாம்.

நான் துண்டின் நுனியை இன்னும் இறுக்கிச் செருகினேன்.

“ஏட்டி, அந்தத் துண்ட எடு. ஒழுங்கா ஒன் மொகத்தையாவது பாக்கேன்.”

“வந்து பாருங்க அத்தான்” என்றேன். ஃபோனை அணைத்துவிட்டேன்.

யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரன் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஒன்றுதான், அதன் மேல் போட்டேன். அன்றைக்குப் பிடித்த பிடிவாதத்தை நான் விடவில்லை. நேரில் வரும் வரை என் தலையை அவர் பார்க்கக் கூடாது. துண்டோடு பேசினேன், துண்டு இல்லாத நேரத்தில் கேமராவை விரலால் மூடிக்கொண்டேன், நெட் சரியில்லை என்று பொய் சொன்னேன். முகத்தைக் காட்டுவதற்காகச் செய்த காரியத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அது ஒன்றுதான் என் கையில் இருந்த அதிகாரம்.

கிறிஸ்துமஸ் போனது. ஜனவரியில் ஒருநாள் தலை வாரும்போது நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் சீப்பு இடறியது. குனிந்து பார்த்தேன். நேர் முடிக்கு அடியில், தோலை ஒட்டி, ஒரு விரல் கனத்துக்கு என் பழைய முடி வளைந்து வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி லீவு ஈஸ்டருக்குத் தள்ளிப்போனது. அப்போது இரண்டு விரல். அவருக்குப் பதிலாக வர வேண்டிய ஆளுக்கு விசா கிடைக்கவில்லை என்று ஈஸ்டரும் போனது. அப்போது மூன்று விரல். மற்றவர்கள் காலண்டரைக் கிழிப்பார்கள், எனக்கு அது தலையிலேயே இருந்தது. மேலே புதர், கீழே நேர். எங்கே சேருகிறதோ அங்கே முடி நூலாக மெலிந்து, வாரும்போது அறுந்து வந்தது.

ஜூனில் பார்லருக்குப் போனேன். வேரில் மட்டும் மறுபடி செய்துகொள்ளலாம் என்றாள் அவள்.

“டிக்கெட் வரட்டும்” என்றேன்.

“நீங்க டிக்கெட்டுக்குக் காத்திருப்பிய. முடி காத்திருக்குமா அக்கா?”

காத்திருப்பது என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், மீன் தலையைச் சொல்வேன். எங்கள் வீட்டில் மீன் தலை தின்பவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லாத நாட்களில் மீன் வெட்டும்போதே தலையைப் பூனைக்குப் போட்டுவிடுவோம். அந்த வருஷம் ஒருநாள், யோசிக்காமல் விளமீன் தலையைக் குழம்பில் போட்டுவிட்டேன். சட்டியில் அகப்பை தட்டியபோதுதான் கவனித்தேன். மாமியும் பார்த்தார். தலையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்தோம். எனக்கு அவர் வேண்டும். சம்பளம் வேண்டாம், நட்சத்திர விளக்கு வேண்டாம், அடுப்பங்கரை வாசலில் நின்று இன்னைக்கு என்ன கறி என்று கேட்கிற அவர் வேண்டும். இதை ஃபோனில் சொல்லத் தெரியாமல்தான் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பரில் டிக்கெட்டின் படமே வந்தது. அவர் பேர் இருந்தது, விமான நம்பர் இருந்தது, சீட்டு நம்பர் கூட இருந்தது. அடுத்த நாளே கோட்டாற்று மாடிப்படி ஏறினேன்.

இனயத்துப் பெண் முடியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. வேரில் மருந்து போட்டால் சேருகிற இடத்தில் மொத்தமாக அறுந்துவிடும் என்றாள். முதுகு வரை தொங்குகிறதே, அந்த நேர் முடி முழுவதையும் வெட்டிவிட வேண்டும். புதிதாக வந்த சுருட்டை மட்டும் நிற்கும், அது காதுவரைக்கும்தான் வரும்.

“அப்பிடியே விட்டா?”

“தானா ஒடிஞ்சு விழும் அக்கா. முடிக்கும் வயசு உண்டு. தா பாத்தியளா, நுனியில இருக்குதது நாலு வருசத்து முடி. தோள்பட்டைக்குக் கீழ மூணு வருசம் இருக்கும். மாசத்துக்கு அரை விரக்கடைதான் வளரும்.”

அவள் ஏதோ தொழில் பேச்சாகத்தான் சொன்னாள். எனக்கு மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. அவர் கடைசியாக வந்துபோய் ஏறக்குறைய மூன்று வருஷம். அப்படியானால் தோள்பட்டைக்குக் கீழே தொங்குவதுதான் அவர் தொட்ட முடி. அதற்கு மேலே இருப்பதெல்லாம் அவர் இல்லாமல் வளர்ந்தது. வெட்டிவிட்டால் என் தலையில் அவர் கை பட்ட முடி ஒன்றுகூட இருக்காது. பெர்மனன்ட் என்று நான் காசு கொடுத்து நிறுத்தியதும் அந்த முடிதான்.

நான் அழுதேன். அவள் பதறிப்போய் நாற்காலியைத் திருப்பினாள்.

“அழுதா நான் வெட்ட மாட்டேன். இன்னும் ஒரு வாரம் யோசிச்சிட்டு வாருங்க.”

“ஒரு வாரம் கழிச்சி அவரே வந்துருவாரு. வெட்டு.”

வெட்டினாள். தரையில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. எழுந்தபோது தலை கனம் இல்லாமல் ஆடியது. பஸ்ஸில் வரும்போது பிடரியில் காற்றுப் பட்டது, பத்து வயதுக்குப் பிறகு முதன்முறையாக. மாமி வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு, “மக்கா, கண்ணு ஏன் செவந்திருக்கு? வந்து சாப்புடு” என்றார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், கூட்டத்தில் முன்வரிசையில் நின்றேன். துண்டு இல்லை, முக்காடு இல்லை. அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்தவரின் டிராலி அவர் காலில் இடித்தது.

“ஏட்டி, தலையில பாதிய எங்க வச்சிட்டு வந்தா?”

காரில் வரும்போது ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, சளி, முக்காடு, ஷட்டவுன், டிக்கெட். பார்வதிபுரம் பாலம் வரும்வரை சிரித்தார். டிரைவரும் சிரித்தார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர் மெதுவாகக் கேட்டார்.

“முடி மொகத்த மறைக்குண்ணு நான் சொன்னனா? எப்ப?”

அவருக்கு நினைவே இல்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அன்று சாயங்காலம், மாமி பக்கத்து வீட்டுக்கு மிட்டாய் கொடுக்கப் போயிருந்தபோது, அவரிடம் சொன்னேன்:

“இந்தத் தலையில இருக்குத முடி பூரா நீங்க இல்லாதப்ப வளந்தது அத்தான்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, பத்து விரலையும் என் முடிக்குள் விட்டு, குழாய் வேலையில் காய்த்துப்போன அந்தக் கையால் தலை முழுவதையும் பொத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். முப்பது நாளும் அவர் என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, போகும்போதும் வரும்போதும் தலையில் கை வைக்காமல் போகவில்லை.

முப்பது நாள் என்பது முப்பது நாள்தான். இழுத்தாலும் நீளாது. புறப்படுகிற அன்று காலை, பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகு, எங்கள் வீட்டு வழக்கப்படி மூன்று பேரும் நடுவீட்டில் நின்றோம். மாமி பயணத்துக்காக ஜெபித்தார். ஆமென் சொன்னதும் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அது எங்களுக்கு அவர் கொடுக்கிற நேரம்.

போன முறை அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. அவர் என்னை அணைத்துவிட்டு விலகும்போது அவருடைய கைக்கடிகாரச் சங்கிலியில் என் முடி சிக்கிக்கொண்டது. நன்றாகச் சிக்கிவிட்டது, கையை எடுக்க முடியவில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மாமி கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். “வெட்டாண்டாம்மா, நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கையால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். “அனங்காத மக்கா, வலிக்கும்” என்றார். டிரைவர் மறுபடியும் அடித்தார். அவ்வளவு நேரமும் என் முகம் அவர் சட்டையில் இருந்தது. இந்தச் சிக்கு எடுபடக் கூடாது, எடுபடவே கூடாது என்று ஜெபித்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறையும் அதே கடிகாரம்தான் கட்டியிருந்தார். அவர் என்னை அணைத்தபோது நானாகவே தலையை அந்தக் கையின் மேல் சாய்த்தேன். இரண்டு தரம் அசைத்தும் பார்த்தேன். நீளம் போதவில்லை. கை தடையில்லாமல் வெளியே வந்துவிட்டது. வாறேன் மக்கா என்றார். டிரைவருக்கு ஹாரன் அடிக்க வேண்டியே வரவில்லை, கார் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டுப் போனது.